ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வது

முனீஸ்வரிக்குக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்த புதிதில், அவள் மாமியார் முருகம்மாள் என்ன வேலை என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கிறது அத்தே."

"எது ஒண்ணும் ஆகாம?"

"எலியோட செல்லு. கருவுல இருந்து எடுத்தது. தோலு, நரம்பு, நெஞ்சு, எதுவா வேணா ஆகும். ஆக விடாம வச்சிருக்கணும்."

"அதுக்குச் சம்பளமா?"

"ஆமா."

"எம்மகனும் பொறந்ததுல இருந்து ஒண்ணும் ஆகாமத்தேன் இருக்கான். அவனைப் பாத்துக்கிட்டதுக்கு எனக்கு எவன் சம்பளம் குடுத்தான்?"

மகன் அருண்பாண்டி வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்டது. சிரித்துவிட்டு டயருக்குத் தண்ணீர் அடித்தான்.

முனீஸ்வரி பிறந்தது தேவாரத்தில். உத்தமபாளையத்தில் விலங்கியல் படித்தாள். படிப்பு முடிந்த பிறகு வேலை கிடைக்காமல், ஊர்ப் பெண்களோடு ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போனாள். கேரளத்துக் கங்காணியிடம் மலையாளத்தில் எண்ணவும் வையவும் கற்றுக்கொண்டாள். அந்த ஜீப்பை ஓட்டியவன்தான் அருண்பாண்டி. கல்யாணத்துக்குப் பிறகு அனுமந்தன்பட்டிக்கு வந்தாள். முருகம்மாள் இன்னும் தோட்டத்துக்குப் போகிறாள். மகன் ஓட்டும் வண்டியானாலும் பின்னால்தான் உட்காருவாள். முன் இருக்கை கங்காணிக்கு.

தோட்டத்தில் மழைக்காலம் தவிர எப்போதும் ஏதாவது மருந்து அடித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் அடிக்கும்போது மறுபக்கம் பெண்கள் காய் எடுப்பார்கள். ஜீப்பில் போகிறவர்களில் சிலருக்குக் கரு நிற்பதில்லை. மருந்து காரணமா, ஜீப் காரணமா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் தெரியாது. யாரும் அதைக் கேள்வியாகக் கேட்டதும் இல்லை.

அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டவள் ஜெபஷீலா. அவளும் அனுமந்தன்பட்டிக்காரி. பெங்களூரில் ஆராய்ச்சி முடித்துவிட்டு வந்து, சின்னமனூரைத் தாண்டி இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். முனீஸ்வரியைவிட வயதில் சிறியவள். இருந்தாலும் முனீஸ்வரி அவளை மேடம் என்றாள். அவள் முனீஸ்வரியை வாங்க போங்க என்றாள். கல்லூரியின் பின்பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். அறையின் ஜன்னலைத் திறந்தால் வாழைத்தோப்பு. ஜன்னலைத் திறக்கக் கூடாது.

சோதனை எளிமையானது. எலிக் கருவின் தொடக்க நாட்களில், உள்ளே ஒரு சிறு கொத்தாக இருக்கும் செல்களிலிருந்து வந்த வம்சம்தான் அவர்களிடம் இருந்தது. பல வருடங்களுக்கு முன் எங்கோ எடுக்கப்பட்டு, பெருகிப் பெருகி, ஊர் ஊராகப் போய், இந்த அறைக்கும் வந்திருக்கிறது. அதில் ஒரு பகுதியை எடுத்து இதயச் செல்களாக மாற விடுவார்கள். மாறியதும் அவை தட்டிலேயே துடிக்கும். மாறும் சமயத்தில் தோட்டத்து மருந்தைத் துளியளவு சேர்த்தால் துடிக்கிறதா, துடிக்கவில்லையா என்று பார்க்க வேண்டும். துடிக்க வைப்பது ஜெபஷீலாவின் வேலை. மீதிப் பகுதியை அடுத்த சோதனைக்காக எதுவும் ஆகாத நிலையிலேயே வைத்திருப்பது முனீஸ்வரியின் வேலை.

முதலில் அவள் அது சும்மா இருப்பது என்று நினைத்தாள். பால் புரை ஊற்றாதவரை பாலாக இருப்பது போல. அப்படி இல்லை என்று ஜெபஷீலா சொன்னாள். அந்தச் செல் தானே ஒரு பொருளை வெளியே கசியவிடுகிறது. அது திரும்பி வந்து அதே செல்லின் மேல் ஒட்டி, உள்ளே எர்க் என்ற ஒரு தொடரைக் கிளப்பிவிடுகிறது. கிளம்பு, ஏதாவது ஆகு என்பது அதன் செய்தி. செல் தனக்குத் தானே சொல்லிக்கொள்கிற செய்தி. அதற்கு எதிராக, செல்கள் வளரும் சத்துநீரான மீடியத்தில் லிஃப் என்ற புரதத்தைக் கலக்க வேண்டும். லிஃப் செல்லின் மேற்பரப்பில் வந்து உட்கார்ந்ததும், உள்ளே ஸ்டாட்-3 என்ற இன்னொரு புரதம் விழித்துக்கொண்டு உட்கருவுக்குள் போகும். அங்கே சில மரபணுக்களை அணையாமல் பார்த்துக்கொள்ளும். அவை எரியும்வரை செல் எதுவாகவும் ஆகலாம். அதனால் எதுவாகவும் ஆகாது.

இதை அவள் அருண்பாண்டிக்குச் சொன்னபோது அவன், "அப்ப நியூட்ரல்ல நிக்கிற வண்டி" என்றான்.

"நியூட்ரல் இல்ல. கியர்லதேன் கெடக்கு. எஞ்சினும் ஓடுது. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கணும்."

"கால எடுத்தா?"

"போயிரும்."

"ரிவர்ஸ்?"

"கொஞ்ச தூரம் போறவரைக்கும் வரும். பெறகு வராது."

அவனுக்கு அது புரிந்தது. தேவாரம் மேட்டில் பெண்களை ஏற்றும்போது தினமும் அப்படித்தான் நிற்கிறான்.

அவள் தினமும் போனாள். ஞாயிறும் போனாள். மீடியத்தை மாற்றினாள். நல்ல செல்கள் மைக்ராஸ்கோப்பின் கீழ் பணியாரம் போல மேடாக, ஓரம் பளபளவென்று வட்டமாக இருக்கும். கெடத் தொடங்கினால் ஓரம் பிரிந்து, தோசை மாவு போலப் பரவும். அவள் ஓரத்தைத்தான் பார்ப்பாள்.

அவள் சேர்ந்த அடுத்த வருடக் கோடையில் நைட்ரஜன் பாத்திரம் வறண்டுபோனது. உறைய வைத்த செல்களை அதற்குள்தான் வைத்திருப்பார்கள். கால்நடை மருந்தகங்களுக்குச் சினை ஊசிக்காக நைட்ரஜன் கொண்டுவரும் வேன் இவர்களுக்கும் ஊற்றிவிட்டுப் போகும். வேன் ஒருமுறை வரவில்லை. பாத்திரத்தின் மூடியில் விரிசல் இருந்ததும் யாருக்கும் தெரியவில்லை. சேமிப்பில் இருந்த குழாய்கள் எல்லாம் செத்தன. மிஞ்சியது இன்குபேட்டரில் உயிரோடு இருந்த மூன்று தட்டுகள். புதுப் பாத்திரம் வந்து, வேனும் வந்த பிறகு அவற்றிலிருந்து மறுபடி உறைய வைக்க வேண்டும். அதுவரை அந்த மூன்றும் கெடாமல் இருக்க வேண்டும். கெட்டால் புதிதாகத் தருவிக்க அனுமதி, கடிதம் என்று மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் ஆராய்ச்சித் திட்டத்தின் காலம் முடிந்துவிடும். ஒரு மருந்து இன்னும் பாக்கி இருந்தது. முருகம்மாள் வேலை செய்யும் தோட்டத்தில் அடிக்கும் மருந்து.

பாத்திரம் வந்துவிட்டது. வேன் பண்டிகைக்குப் பிறகு வரும் என்றார்கள். ஜெபஷீலா தன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வேலூருக்குப் போனாள். ஆயுத பூஜை வந்தது.

கல்லூரியில் பூஜை செய்பவர் ஒச்சாண்டி. கல்லூரிப் பேருந்து ஓட்டுபவர். பேருந்துக் கொட்டகையில் ஒரு மேசை போட்டு, ஸ்பானர், ஜாக்கி, தட்டச்சு இயந்திரம், தோட்டக்காரரின் மண்வெட்டி எல்லாம் கழுவி அடுக்கிப் பொட்டு வைப்பார். கற்பூரம் காட்டிவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை வரை எதையும் எடுக்கக் கூடாது. ஆயுதத்துக்கு அன்று ஓய்வு.

அவர் ஆய்வுக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

"முனீசு, உம் பங்குக்கு என்ன குடுக்கிற?"

அவள் ஒரு பழைய பிப்பெட்டை எடுத்து நீட்டினாள்.

"இது என்ன?"

"இதை வச்சுத்தேண்ணே ஊத்துவோம்."

"இதுலயா ஊத்துற?"

"இது ரிப்பேரு. புதுசுல ஊத்துவேன்."

"போன வருசமும் ஒடஞ்சதைத்தேன் குடுத்த. பெறகு அந்த நைட்ரஜன் கேன் வத்திப்போச்சு. நான் ஒண்ணும் சொல்லல." அவர் பிப்பெட்டை வாங்கிக்கொள்ளவில்லை. "நானெல்லாம் ஓட்டுற வண்டிக்குத்தேன் பொட்டு வைக்கிறேன். காயலாங்கடை வண்டிக்கா வைக்கிறேன்? வருசம் பூரா எது ஒனக்கு வேலை பாக்குதோ அதைக் குடு தாயி."

முனீஸ்வரி யோசித்தாள். அங்கே வேலை பார்ப்பது பிப்பெட் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இன்குபேட்டரும் இல்லை. குளிர்பெட்டியின் கதவோரத்தில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு குப்பி இருந்தது. லிஃப். அது ஒன்றுதான் இருந்தது. அடுத்ததற்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அன்றைய மீடியத்தைக் காலையிலேயே மாற்றியாயிற்று. மறுநாள் காலைவரை குப்பிக்கு வேலை இல்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ்கட்டிகளை நிரப்பி, நடுவில் குப்பியைச் செருகிக் கொடுத்தாள்.

"இது என்ன, ஜிகர்தண்டாவா?"

"விளையாடாதீகண்ணே. இது சூடு தாங்காது. கற்பூரம் காட்டுனதும் எடுத்துக்கிறேன்."

"காட்டுன பெறகு எடுக்கக் கூடாதுத்தா."

"ஐஸ் கரைஞ்சிரும்."

"கரையக் கரைய மாத்தி வைக்கிறேன். நான் இங்கனதான படுக்கப்போறேன்? நீ போ."

பூஜை மாலையில் நடந்தது. அவள் சுண்டலை வாங்கிக்கொண்டு நின்றாள். டம்ளர் ஸ்பானர்களுக்கு நடுவில் இருந்தது. குப்பியின் மூடியில் ஒரு துளி சந்தனம், அதன்மேல் குங்குமம். எடுத்துவிடலாமா என்று ஒருமுறை நினைத்தாள். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பேருந்துக்குப் போனாள்.

காலையில் வந்தபோது டம்ளரில் புது ஐஸ் இருந்தது. குப்பி அதில் இல்லை. குத்துவிளக்கின் அடியில், திரிக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"நனைஞ்சு நனைஞ்சு பொட்டு அழிஞ்சுக்கிட்டே இருந்துச்சு" என்றார் ஒச்சாண்டி. "மூணு தடவ வச்சுப் பாத்தேன். நிக்கல. பெறகு தொடச்சு, விளக்குக்கிட்ட வச்சுட்டேன். இப்பப் பாரு, எப்பிடி நிக்குது."

பொட்டு நன்றாக நின்றிருந்தது. குப்பி கையில் சுட்டது.

அவள் மறுபூஜை முடிந்ததும் குப்பியை வாங்கிக்கொண்டு போய்க் குளிர்பெட்டியில் வைத்தாள். வெளியே எடுத்தாள். மறுபடி வைத்தாள். பார்வைக்கு அது முன்பு போலவே தெளிந்த நீராக இருந்தது. புரதம் கெட்டுப்போனதற்கு வெளியே அடையாளம் எதுவும் இல்லை. வேறு வழி இல்லாததால் அதையே மீடியத்தில் கலந்தாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கலந்தாள். இரண்டு மடங்கு செத்தது உயிருள்ளதாகிவிடாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கலந்தாள்.

ஜெபஷீலாவுக்குச் சொல்லவில்லை. சொல்வதென்றால் பூஜையைச் சொல்ல வேண்டும். பூஜையைச் சொன்னால், அந்தக் குப்பியைத் தானாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததைச் சொல்ல வேண்டும். படித்தவள் செய்கிற காரியமா என்று ஜெபஷீலா கேட்கமாட்டாள். கேட்காமல் இருப்பாள். அதுதான் முனீஸ்வரிக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் ஓரங்கள் இருந்தபடி இருந்தன. அதற்கடுத்த நாள் ஒரு தட்டில் சில வட்டங்கள் மங்கின. மைக்ராஸ்கோப்பைச் சரிசெய்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். மதியத்துக்கு மேல் மற்ற இரண்டிலும் அங்கங்கே பரவத் தொடங்கியிருந்தது.

வேலூருக்குப் போன் செய்தாள்.

"மேடம், ஓரம் பிரியுது."

"எதுல?"

"மூணுலயும். ரெண்டுல கொஞ்சம். ஒண்ணுல நெறைய."

"லிஃப் போட்டீங்கள்ல?"

"போட்டேன். அது செத்துப்போச்சு மேடம்."

"எப்படிச் சாகும்? போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு."

"விளக்குக்கிட்ட ராத்திரி பூரா இருந்துச்சு."

"எந்த விளக்கு? யுவி விளக்கா?"

"குத்துவிளக்கு."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது கேட்டது. முனீஸ்வரி முழுவதையும் சொன்னாள். ஒச்சாண்டி பெயர் வந்த இடத்தில், "அவரு மேல தப்பு இல்ல, நாந்தேன் எடுத்துக் குடுத்தேன்" என்றாள்.

"ஏன் அதைக் குடுத்தீங்க?"

"அதுதான மேடம் வேலை பாக்குது."

ஜெபஷீலா, "எங்க சர்ச்சுல மெழுகுவத்திக்கிட்ட வச்சிருந்தாலும் இதேதான் ஆகியிருக்கும்" என்றாள். "சரி. ஃப்ரீசர்ல கீழ்த்தட்டு. பிரவுன் டப்பா. அதுல ரெண்டு டியூப் இருக்கும் பாருங்க."

"அது நீங்க அடுத்த வேலைக்குன்னு வச்சிருந்தது."

"இது இல்லன்னா அடுத்த வேலை எங்க இருந்து வரும்?"

அந்த இரண்டு குழாய்களில் இருந்தவை வேறு வழியில் வேலை செய்பவை. லிஃப் வெளியே நின்று, இப்படியே இரு என்று சொல்வது. இவை செல்லுக்குள்ளேயே நுழைபவை. ஒன்று எர்க் தொடரை நடுவழியில் அடைத்துவிடும். கிளம்பு என்ற செய்தி புறப்படும், போய்ச் சேராது. மற்றொன்று, செல்லைப் பழைய நிலையில் பிடித்து வைக்கும் ஒரு புரதம் சிதைந்துபோகாமல் காக்கும். இரண்டும் சேர்ந்தால் லிஃப் இல்லாமலே நிறுத்திவைக்கலாம். நிறைய தூரம் போகாத செல்லைத் திருப்பியும் கொண்டுவரலாம். முனீஸ்வரி அருண்பாண்டியை நினைத்துக்கொண்டாள். பிரேக் போய்விட்டது, டீசல் குழாயை மூடுகிறார்கள்.

"பரவாம மேடா இருக்கிறதை மட்டும் எடுங்க" என்றாள் ஜெபஷீலா. "பரவுனதுமேல ஆசைப்படாதீங்க."

"மூணாவது தட்டு?"

"அதுல எடுக்க எதுவும் இருக்கா?"

முனீஸ்வரி மறுபடி பார்த்தாள். "இல்ல."

"ஓரமா வைங்க. சாதா மீடியம் மாத்துங்க. நான் வந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அன்று அவள் மைக்ராஸ்கோப்பின் கீழ், நுண்ணிய கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு வட்டமாக உறிஞ்சி எடுத்தாள். எடுக்கலாமா வேண்டாமா என்று தோன்றியவற்றை விட்டாள். கடைசியில் எடுத்தது ஒரு சின்னத் தட்டுக்குக்கூடப் போதவில்லை. புது மீடியத்தில் போட்டு இன்குபேட்டரை மூடினாள்.

வெளியே ஒச்சாண்டி நின்றுகொண்டிருந்தார். அவள் போனில் பேசியதைக் கேட்ட யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"நான் செஞ்சது தப்பாப்போச்சாம்ல?"

"ஒங்களுக்கு என்னண்ணே தெரியும்? நாந்தேன் குடுத்தேன்."

"பொழைச்சிருமா?"

"தெரியல."

"எலிதான அது? பிள்ளையாருக்கு வேண்டிக்கிறேன். அவரு வண்டி அது. ஒரு டிரைவர் சொன்னா இன்னொருத்தருக்குக் கேக்காதா?"

முனீஸ்வரி சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் தட்டில் பாதி மிதந்துகொண்டிருந்தது. செத்தவை மிதக்கும். அவற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டிருந்தவை சிறியவையாக இருந்தன. அதற்கடுத்த நாள் கொஞ்சம் பெரிதாகின. ஓரம் தெரிந்தது. கண்ணை எடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்தாள். ஓரம் பளபளத்தது. முன்பைவிட உருண்டையாக இருந்தன.

ஜெபஷீலா ஊர் திரும்பியபோது இரண்டு தட்டு நிறைந்திருந்தது. பார்த்துவிட்டு, "வேன் எப்ப வருது?" என்று மட்டும் கேட்டாள். வேன் வந்தது. உத்தமபாளையம் மருந்தகத்துக்கு ஊற்றிவிட்டு இவர்களுக்கும் ஊற்றியது. முனீஸ்வரி செல்களைக் குழாய்களில் பிரித்து, உறைய வைத்து, புகையும் பாத்திரத்துக்குள் இறக்கினாள். மூடியில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்தாள்.

பிறகு ஒதுக்கிவைத்த தட்டை எடுத்தாள். அதில் இப்போது வட்டம் என்று எதுவும் இல்லை. ஏதேதோ வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்திருந்தன. நகர்த்திக்கொண்டே வந்தபோது, விளிம்பை ஒட்டி ஓர் இடம் அசைந்தது. கை பட்டிருக்கும் என்று நினைத்துக் கையை எடுத்தாள். அசைந்தது. விட்டு விட்டு, ஒரே சீராக.

ஜெபஷீலாவைக் கூப்பிட்டாள். அவளும் பார்த்தாள். அவள் இதை நிறையப் பார்த்தவள்.

"நல்லாத் துடிக்குது" என்றாள். "கணக்குல சேராது. எந்த அளவும் தெரியாம ஆனது. காலைல பிளீச்சிங் ஊத்திருங்க."

முனீஸ்வரி கைபேசியை மைக்ராஸ்கோப்பின் கண்ணில் வைத்து வீடியோ எடுத்தாள். வீட்டுக்குப் போனதும் முருகம்மாளிடம் காட்டினாள். முருகம்மாள் அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள்.

"என்னத்தா இது, துடிக்குது?"

"நெஞ்சு. நெஞ்சுல ஒரு துணுக்கு."

"எலிக்கா?"

"எலி இல்ல அத்தே. வெறும் துணுக்கு. நான் பாத்துக்கிட்டதுல ஒண்ணு இப்பிடி ஆயிருச்சு."

"நீதான் ஒண்ணும் ஆகாம வச்சிருப்பியே?"

"தப்பிருச்சு."

முருகம்மாள் மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தாள். அவளிடமிருந்து மருந்து வாடை வந்தது. "எங்க தோட்டத்து மருந்தை ஊத்திப் பாத்தீகளா?"

"இனிமேத்தேன். மத்தது பொழைச்சிருச்சு. அதுல பாப்போம்."

"இதை என்ன செய்வீக?"

"காலைல பிளீச்சிங் ஊத்தணும்."

முருகம்மாள் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஒண்ணும் ஆகாம இருந்தா சோறு போடுறாக. ஆயிட்டா பிளீச்சிங் ஊத்துறாக" என்றாள். "நல்ல எடத்துலதேன் வேலை பாக்குற."

காலையில் முனீஸ்வரி தட்டை எடுத்தாள். பார்க்காமல் ஊற்றலாம் என்றுதான் நினைத்திருந்தாள். பார்த்துவிட்டு ஊற்றினாள். கையைக் கழுவினாள். மற்றத் தட்டுகளுக்கு மீடியம் மாற்றும் நேரமாகியிருந்தது.